என் வேஷம் போட்ட பெண்ணைப் பார்க்க லூயிஷாம் போனேன்

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் "நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூடாது. நாடகத்தை எழுதியவள் கஸ்தூரி. எழுத்தாளர் தங்கரத்தினம் ரீச்சரின் மகள் ரஜனி. ரீச்சராக நடிக்கும் யாழினி. ரீச்சரின் அப்பம்மா அன்னப்பிள்ளை ஆச்சியாக நடிக்கும் சறோ. நானாக நடிக்கும் பவானி. அவர்களிடம் இருந்த ஒரே ஆண் நடிகர் சின்னத்துரை. என் மகன் குகன். எட்டாவது ஆள் நான், நாகேஸ்வரி, வயது எழுபத்தேழு, இருப்பது கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில். கேத்தலுக்கு பிளக் காட்டித் தந்த மண்டபக் காவலாளரையும் சேர்த்தால் ஒன்பது. அவருக்குத் தமிழ் தெரியாது, சாட்சிக்கு ஆகமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

என் பதிவுகளை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் பஸ் ஏறுகிற ஆள் இல்லை. வயதானவர்களுக்குக் கவுன்சில் தருகிற இலவச பாஸ் கைப்பையில் இருக்கும்வரை ஊர் பார்ப்பது என்றுதான் இருக்கிறேன். ஆனால் ஆற்றுக்குத் தெற்கே போவது குறைவு. நோர்பரியில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டில் என்னை இரண்டாம் பந்தியில் இருத்தினார்கள். பதினேழு வருஷமாகிறது. அதன்பிறகு அந்தப் பக்கம் எனக்கு அலுவல் இல்லை என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தரம் அலுவல் இருந்தது. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ரஜனி தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, அம்மாவின்ர கதையளையும் நினைவுப் புத்தகத்தையும் ஒண்டாச் சேர்த்து நாடகமாப் போடுறம். மாத்தறையில அப்ப இருந்த பெரிய ஆக்களில இப்ப நீங்கள் ஒராள்தான் மிச்சம். சனிக்கிழமை லூயிஷாமில வாசிப்பு இருக்கு. வந்து கேட்டிட்டுச் சொல்லுங்கோவன்."

"என்னைப் பற்றியும் வருதோ?"

"மனேச்சரின்ர மனிசி எண்டு ஒரு ஆள் வரும் அன்ரி."

"நல்லா வருதோ, கூடாமல் வருதோ?"

"வந்து பாருங்கோவன்."

வந்து பார் என்று சொன்னால் கூடாமல்தான் வருகிறது. அடுத்த மாதம் அந்த நாடகத்தை இரண்டு நாள் மேடையில் போடப் போகிறார்கள். கிழக்கு லண்டனிலிருந்து தெற்கு லண்டன் வரை என்னைத் தெரிந்த சனமெல்லாம் வந்து இருந்து பார்க்கும். என் பேரப்பிள்ளைகள் முன் வரிசையில் இருப்பார்கள். அதற்கு முதல் நான் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வெளிக்கிட்டேன்.

ரீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தார் கதை எழுதினால் பனை வரும். ரீச்சர் எழுதினால் தென்னந்தும்பு வரும், கறுவாப்பட்டை வாசம் வரும், நில்வளா கங்கை வெள்ளம் வரும். ஏனென்றால் அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தெற்கே மாத்தறையில். தகப்பனுக்கு அங்கே சுருட்டுக் கடை. அந்த நாளில் தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடைகள் இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கடைக்கு மனேச்சர். கல்யாணம் முடித்து இருபத்தைந்து வயதில் நான் அங்கே போனேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறை எங்களுக்கு, மேல்மாடி ரீச்சர் குடும்பத்துக்கு. நான்கு வருஷம் ரீச்சரும் நானும் ஒரே கிணற்றில் குளித்தோம். பிறகு தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது, கடை எரிந்தது, கொழும்பு முகாமுக்கு வந்தோம். முகாமில் நான்காம் நாள் ரீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் லண்டன் வந்து சேர்ந்தும், ஒரே கல்யாண வீடுகளில் சாப்பிட்டும், நாற்பத்தாறு வருஷம் அப்படியே போனது. கதைப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். நினைவுப் புத்தகம் வந்தபோது ஊரெல்லாம் ஒவ்வொரு பிரதி கொடுத்த மனுசி எனக்குத் தரவில்லை. அந்தக் கோபத்தில் அதை நான் தொடவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ரீச்சர் போய்விட்டார். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

சனிக்கிழமை காலை 10.40க்கு வீட்டைப் பூட்டினோம். குகன் கூட வந்தான். அவனுக்கு இல்ஃபோர்டில் சாவி வெட்டும் கடை, சனிக்கிழமையில் விட்டு வரமாட்டான். "என்னைப் போட்டிருந்தா அப்பாவையும் போட்டிருப்பினம்" என்று நான் சொன்னதும்தான் கடையை வேலையாளிடம் கொடுத்துவிட்டு வந்தான். எங்கள் வீட்டிலிருந்து குட்மேய்ஸ் ஸ்டேஷன் ஒன்பது நிமிட நடை. லிஃப்ட் இருக்கிறது, படி ஏறத் தேவையில்லை. 10.56க்கு எலிசபெத் லைன், ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்குப் பதினாலு நிமிடம். அங்கே ஓட்டுநர் இல்லாத சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். நிறையப் பேர் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. முன் பெட்டியில் முதல் இருக்கையைப் பிடியுங்கள், நீங்களே ஓட்டிக்கொண்டு போவது போல இருக்கும். அன்று அதில் ஒரு பெரிய மனுஷன் தன் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தான். நான் முன்னால் போய் நின்று பெட்டியையே பார்த்தேன். இரண்டு ஸ்டேஷனுக்குள் எடுத்துவிட்டான்.

கனரி வோஃபில் இறங்கினோம். எங்கும் ஓடத் தேவையில்லை. இறங்கிய பக்கத்திலேயே நின்று, பலகையில் லூயிஷாம் என்று வரும்வரை பொறுத்தால் போதும். நாங்கள் ஏழு நிமிடம் நின்றோம். ஐலண்ட் கார்டன்ஸ் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு அடியால் போகிறது. குகன் நான் கேட்காமலே சொன்னான்: "அப்பா இருந்திருந்தா இதைக் கண்டு நல்லாச் சந்தோஷப்பட்டிருப்பார் அம்மா." தகப்பன் போய் ஆறு வருஷம். அவனுக்கு அந்த மனுஷன் என்றால் உயிர். நான் ஓம் என்றேன்.

11.57க்கு லூயிஷாம். வெளியே வந்து கேட்ஃபோர்ட் பக்கம் போகிற 75ஆம் இலக்க பஸ் எடுத்தோம். எனக்கு பாஸ், குகனுக்கு ஒன்றே முக்கால் பவுண். சாரதி எங்கள் பெடியன், நெற்றியில் திருநீறு.

"எங்கையம்மா போறியள்?"

"நாடகம் பார்க்க."

"மத்தியானத்தில நாடகமோ?"

"இன்னும் செய்து முடியேல்லை, தம்பி. பிழை இருக்கோ எண்டு பார்க்கப் போறன்."

"அப்ப மாமியார் மாதிரி எண்டு சொல்லுங்கோ" என்று சிரித்தான். "இருங்கோம்மா. நீங்கள் இருந்தாப் பிறகுதான் எடுப்பன்." அப்படியே செய்தான். பின்னால் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அவன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. எட்டு நிமிடத்தில் இறங்கி, நான்கு நிமிடம் நடந்தால் மண்டபம்.

மண்டபம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். தரையில் பட்மின்டன் கோடுகள், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள், ஹீற்றர் ஒன்று வேலை செய்யும் ஒன்று செய்யாது. ஆனால் சுவரைப் பார்த்ததும் நான் சுருட்டிவைத்த கோபத்தைக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஒட்டுக் கடதாசிகள், மூன்று நிறத்தில்.

கஸ்தூரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டென்மார்க்கில் வளர்ந்து பிறகு லண்டனுக்கு வந்த குடும்பம். தமிழை ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசுகிறாள், ஆனால் பிழையில்லை. நான் கேட்கக் கேட்க அலுக்காமல் காட்டினாள். மஞ்சள் கடதாசி ரீச்சரின் கதைகளிலிருந்து எடுத்த காட்சி. நீலம் நினைவுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. பச்சை அவள் தானே எழுதியது. எண்ணினேன். மஞ்சள் முப்பத்தொன்று, நீலம் இருபத்தாறு, பச்சை ஆறு.

"பச்சை ஏன் குறைவு?"

"நான் எழுதினால் என்ர நாடகம் அன்ரி. இது ரீச்சரின்ர. எனக்குத் தையல் வேலை மட்டும்தான்."

"தைக்கிறதில எது கஷ்டம்?"

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கதையில வாற ஆக்களையும் உண்மையா இருந்த ஆக்களையும் ஒரே வீட்டில குடியேத்த வேணும். அதுதான். கதையில உங்களை மாதிரி ஒரு மனேச்சர் மனிசி இருக்கிறா, நல்ல வாய், நல்ல பகிடி. நினைவுப் புத்தகத்தில அவ இல்லை. ஒரு வரியும் இல்லை. நான் மஞ்சளில இருந்து தூக்கி நீலத்தில வச்சன்."

ஒரு வரியும் இல்லை என்றது எனக்கு உள்ளே போய் இறங்கியது. நான்கு வருஷம் ஒரே கிணறு. ஒரு வரியும் இல்லை. காட்டிக்கொள்ளவில்லை.

12.45க்கு வாசிப்புத் தொடங்கியது. மேசையைச் சுற்றி இருந்து, கடதாசியைப் பார்த்து, அவரவர் பகுதியை வாசிக்கிறார்கள். மேடையில் பார்ப்பதைவிட எனக்கு இதுதான் பிடித்தது. சமையல் நடக்கும்போதே குசினிக்குள் நிற்பது மாதிரி. பவானி நோர்பரியில் பல் டொக்டரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவள், உயரம், வாயாடி. என்னை வாசிக்கும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"நான் ஒருநாளும் இடுப்பில கை வைக்கிறேல்லை" என்றேன்.

"அன்ரி, இப்பவும் வச்சிருக்கிறியள்" என்றாள். குனிந்து பார்த்தேன். வைத்துத்தான் இருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், குகன் எல்லாரையும்விடச் சத்தமாக.

பிறகு லொறிக் காட்சி வந்தது.

நடந்தது இதுதான். கலவரக்காரர்கள் சந்தி வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் தும்பு வியாபாரம் செய்த சிங்களவர் பியசேன முதலாளி தன் தும்பு லொறியை எங்கள் பின் ஒழுங்கைக்கு அனுப்பினார். ஏற வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர். ஏறியது பதினொரு பேர். அன்னப்பிள்ளை ஆச்சி ஏறவில்லை. அதன்பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும்.

சின்னத்துரை லொறிக்காரனாக "கெதியா, கெதியா" என்று கத்தினார். பவானி என் பகுதியை வாசித்தாள்: "எல்லாரும் ஏறியாச்சு! எடுங்கோ!"

நான் எழும்பிவிட்டேன். "அது நான் சொல்லேல்லை."

கஸ்தூரி பேனாவை வைத்தாள். "தெரியும் அன்ரி. புத்தகத்தில மனேச்சர்தான் சொல்றார். எங்களுக்கு ஆம்பிளையள் இல்லை. சனிக்கிழமையில எல்லாருக்கும் கடை, இல்லாட்டி ஷிப்ட். மனேச்சரை முழுசா எடுத்திட்டு அவற்ற வசனத்தை மனிசிக்குக் குடுத்தன். சின்னத்துரை அங்கிள் ஏற்கெனவே மூண்டு வேஷம்."

"நாலு" என்றார் சின்னத்துரை. "நாயாக் குரைக்கிறதும் நான்தான்."

நான் சுவருக்குப் போய் அந்தக் கடதாசியைத் தேடிப் பிடித்தேன். நீலம். "பிள்ளை, ஒராள் சொன்னதை இன்னொராள் வாயில வச்சால் அது என்ன நிறம்?" என்று கேட்டேன். குத்திக் காட்டவென்று கேட்கவில்லை, அறியத்தான் கேட்டேன். கஸ்தூரி மூன்று நிறத்தையும் பார்த்தாள். "அதுக்கு நான் நிறம் வைக்கேல்லை அன்ரி" என்றாள். பிழையைப் பிழை என்று உடனே ஒப்புக்கொள்கிற ஆட்களை என் வயதில் நான் அதிகம் காணவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"இண்டைக்கு மட்டும் குகன் அண்ணை வாசிப்பாரோ?" என்று கேட்டாள்.

குகன் சந்தோஷமாக எழும்பினான். தகப்பனின் குரல் அவனுக்கு அப்படியே வாய்த்திருக்கிறது. தொலைபேசியில் ஹலோ என்றால் இப்போதும் எனக்கு ஒரு கணம் திடுக்கிடும். கடதாசியைத் தூக்கிப் பிடித்து வாசித்தான்: "எல்லாரும் ஏறியாச்சு. எடு."

அதே அளவு சத்தம். அதே இடத்தில் மூச்சு. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவர்கள் அடுத்த காட்சிக்குப் போனார்கள். ஆச்சி ஏன் திரும்பி வீட்டுக்குள் போனாள் என்பது. ரீச்சர் கதையாக எழுதியபோது ஆச்சி எரிகிற விளக்கை அணைக்கப் போகிறாள். நினைவுப் புத்தகத்தில் சாமிப் படம் எடுக்கப் போகிறாள். கஸ்தூரி படத்தை எடுத்துக்கொண்டாள், சறோ அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழ வேண்டும்.

"விளக்குமில்லை, படமுமில்லை" என்றேன். "ஆச்சி கக்கூசுக்குப் போனவ."

சறோ கடதாசியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ அக்கா, எனக்கிருக்கிறது இந்த ஒரு அழுகைதானே."

"ஆச்சிக்குச் சலம் அடக்க ஏலாது. லொறியில தூரப் போக வேணும் எண்டு பயந்து கிணத்தடிக்கு அங்கால போனவ. போகேக்க என்ர காதுக்குள்ள சொன்னவ, 'பின்னுக்கு ஒருக்காப் போட்டு வாறன் பிள்ளை, லொறியை நிப்பாட்டச் சொல்லு' எண்டு. ஆம்பிளையளுக்கு முன்னால சொல்ல வெக்கம்."

ரீச்சரை இதற்காகக் குறை சொல்லமாட்டேன். கக்கூசில் அப்பம்மாவை விட்டுவிட்டு வந்தோம் என்று எந்தப் பேத்திக்கு எழுதக் கை வரும்? விளக்கு என்றால் வாசிக்கிறவனுக்கும் ஆறுதல்.

ரஜனி மெல்லக் கேட்டாள். "அப்ப உங்களுக்குத் தெரியும்தானே, அன்ரி. ஏன் சொல்லேல்லை?"

"ஆர் சொல்லேல்லை?"

"கோவிக்காதேங்கோ. எங்கட வீட்டில எப்பவும் அப்படித்தான் கதை. நாகேஸ்வரிக்கு ஆச்சி சொல்லிப்போட்டுத்தான் போனவ, அவள் வாய் திறக்கேல்லை, மனேச்சருக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா லொறியை மறிச்சிருப்பார் எண்டு. அதாலதான் அம்மா நினைவுப் புத்தகத்தில உங்களைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. எழுதினா நீங்கள் தலை நிமிர்ந்து திரிய ஏலாது எண்டு சொன்னவ."

"உன்ர அம்மாவுக்கு இதைச் சொன்னது ஆர்?"

ரஜனி குகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மனேச்சர் மாமாதான். முகாமில வச்சு."

முகாமில் நான்காம் நாள். நான் தண்ணீர் வரிசையில் நின்று திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்காரரும் ரீச்சரும் மாமரத்துக்குக் கீழே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். ரீச்சர் என்னைத் தாண்டிப் போனார். மாமரம், தண்ணீர் வாளி, ரீச்சர் கட்டியிருந்த பச்சைக் கரைச் சேலை எல்லாம் நாற்பத்தெட்டு வருஷமாக என் கண்ணில் நிற்கின்றன. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை அறிய ஆற்றைக் கடந்து லூயிஷாம் வரவேண்டியிருந்திருக்கிறது.

கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பவானியிடம் கொடுத்தேன். பிறகு சொன்னேன், எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

"நான் சொன்னனான். லொறியில என்ர மடியில இவன் இருந்தவன், ஒண்டரை வயசு. 'ஆச்சி ஏறேல்லை, பின்னுக்குப் போட்டா, நிப்பாட்டுங்கோ' எண்டு இவன்ர அப்பாவின்ர சட்டையைப் பிடிச்சு இழுத்துச் சொன்னனான். இவர் என்னைப் பார்த்தவர். பிள்ளையைப் பார்த்தவர். சந்தியைப் பார்த்தவர். பேந்து லொறிப் பலகையில ரெண்டு தட்டுத் தட்டி, 'எல்லாரும் ஏறியாச்சு, எடு' எண்டவர்."

குகன் கடதாசியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கஸ்தூரி என் பக்கத்தில் வந்து குந்தி இருந்தாள். "அன்ரி, ஒரு வழி இருக்கு. இதை ஒருத்தரும் சொல்லாமல் விடலாம். மேடையை இருட்டாக்கிப் போட்டு ஒரு குரல் மட்டும். ஆற்ற குரல் எண்டு சனத்துக்குத் தெரியாது. உங்களுக்கும் இல்லை, அங்கிளுக்கும் இல்லை."

நல்ல யோசனைதான். என் பெயரும் தப்பும், குகனுக்கும் நோகாது. நான் வந்த அலுவல் அங்கேயே முடிந்திருக்கும். கதவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது.

"குரலுக்கு ஆள் இருந்தது பிள்ளை" என்றேன். "ஆளைப் போடு. நான் சொன்னதை எனக்குப் போடு. ஒருக்காத்தான் சொன்னனான். லொறி எடுத்தாப் பிறகு கத்தேல்லை, குதிக்கேல்லை, பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தனான். அதையும் போடு."

கஸ்தூரி பச்சைக் கடதாசியை எடுத்தாள், வைத்தாள், நீலத்தை எடுத்து எழுதினாள். மனேச்சர் திரும்ப நாடகத்துக்குள் வந்தார். "ரீச்சர் அவரை மனேச்சர் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறா. உண்மை ஆளெண்டா ஒரு பேர் வேணும் அன்ரி. அங்கிளின்ர பேர் என்ன?"

என் வயதுப் பெண்களுக்குத் தெரியும். கட்டியவர் பெயரை வாயால் சொல்வதில்லை. கவுன்சில் கந்தோரில் கேட்டால்கூடப் பிள்ளையைப் பார்ப்பேன், பிள்ளை சொல்லுவான். அன்று பிள்ளை வெளியே நின்றான். ரஜனிக்குத் தெரியும், ஆனால் அவளும் சொல்லவில்லை. கஸ்தூரி ஒரு சின்னக் கோடு போட்டு இடம் விட்டாள்.

3.20க்கு வெளிக்கிட்டோம். லூயிஷாமில் ரயிலுக்குள் இருந்தபிறகுதான் குகன் வாய் திறந்தான்.

"அப்பா பயந்திட்டார் அம்மா."

"ஓம், பயந்தவர். பயந்ததுக்கு நான் ஒருநாளும் ஒண்டும் கேட்கேல்லை."

"அண்டைக்கு நிப்பாட்டியிருந்தா நான் இல்லை."

"ஓம். அதுக்காகத்தான் அந்த மனிசனுக்கு நாப்பத்திரண்டு வருஷம் சமைச்சுப் போட்டனான்."

ஆற்றுக்கு அடியால் ரயில் போனது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, தகப்பன் முகம். கனரி வோஃபில் இறங்கி ரயிலுக்கு நிற்கும்போது, பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அவையளுக்கு ஒத்திகை எல்லாச் சனியுமோ?"

"ஓம் போல."

"கடையை மாத்தி ஒழுங்குபடுத்தலாம்" என்றான். தகப்பன் வேஷத்தைப் போடச் சொல்லி நான் அவனைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். நாடகம் அடுத்த மாதம் ஒரு சனியும் ஞாயிறும், பின்னேரம் நான்கு மணிக்கு. ரிக்கற் பத்துப் பவுண், பாஸ்காரருக்கு ஆறு. குட்மேய்ஸிலிருந்து கதவுக்குக் கதவு ஒன்றே முக்கால் மணித்தியாலம் வையுங்கள். சனி ஞாயிறில் பாஸுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை, வாரநாளில் ஒன்பது மணிக்கு முன் ஏறினால் செல்லாது. நோர்பரியிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவது என்று என்னைக் கேட்காதீர்கள், ரஜனியைக் கேளுங்கள். மண்டபத்தில் குளிர், கம்பளிச் சட்டை தேவை. தேநீர் இலவசம், சீனி கேட்டு வாங்க வேண்டும். மண்டபக் கக்கூஸ் சுத்தம், வாசலிலிருந்து இடப்பக்கம். ஏறும் முன் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டு ஏறுங்கள். கூட வந்தவர் போயிருந்தால் அவர் வரும்வரை நில்லுங்கள். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும்.

புத்தகத்தில் இருந்ததை மேடைக்குக் கொண்டுபோவது சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். ரீச்சர் தன் மனம் தாங்கும் அளவுக்கு எழுதினார். கஸ்தூரி கைவசம் இருந்த ஆட்களை வைத்துத் தைத்தாள். இரண்டு பேரிலும் எனக்குக் கோபமில்லை. ரீச்சர் என்னைக் கெட்டவள் என்று நம்பினார், நம்பியும் என் பெயரை எழுதாமல் மூடி வைத்தார். இப்படி ஒரு மனுசியின் செத்தவீட்டுக்கு நான் போகாமல் இருந்தேன். வந்த ஞாயிற்றுக்கிழமை ரஜனியிடமிருந்து நினைவுப் புத்தகத்தை வாங்கி, ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று வாசிக்கிறேன்.

கஸ்தூரி பெயருக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது, எழுத வரும். பெயரை எழுதுவது லொறியை எடுக்கச் சொன்னதற்காக இல்லை. அந்தக் கணக்கை எப்போதோ மூடிவிட்டேன். மாமரத்துக்குக் கீழே நின்று, நான் தண்ணீர் வரிசையில் நின்ற நேரம் பார்த்து, நான் சொல்லவில்லை என்று சொன்னதற்காக. பிறகு நாற்பத்திரண்டு வருஷம் நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, ரீச்சர் ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்டபோதெல்லாம் "ஆருக்குத் தெரியும்" என்றதற்காக. மன்னிக்கமாட்டேன்.

ஆறுமுகம் பரமலிங்கம்.